பிற தொழில்களிலிருந்து விளம்பர யோசனை எடுப்பது எப்படி? சிறுதொழில் செய்வோருக்குப் படிப்படியான வழிகாட்டி

சிறிய சைக்கிள் பழுதுபார்ப்புப் பணிமனை ஒன்றை நடத்திவரும் நான், வந்த வாடிக்கையாளரை மீண்டும் வரவழைக்க வழி தேடி, உடற்பயிற்சிக் கூடங்களின் சந்தா முறையை அப்படியே எடுத்து என் பணிமனையில் வைத்தேன். ஒரு தொகையைக் கட்டிவிட்டால் ஆண்டு முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுவரலாம் என்பது திட்டம். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மிகப் பழைய வண்டி வைத்திருந்தவர்கள், அல்லது நாள்தோறும் நெடுந்தூரம் மிதிப்பவர்கள். என் வேலை நேரத்தின் பெரும்பகுதியை அவர்களுடைய வண்டிகளே எடுத்துக்கொண்டன. முழுக் கட்டணம் கொடுத்துவந்த மற்றவர்கள் காத்திருந்து சலித்து வேறிடம் போனார்கள். முன்பணம் வாங்கிவிட்டதால் இடையில் நிறுத்தவும் வழியில்லை.

அதே சிக்கலைப் பின்னர் தீர்த்துவைத்தது பல் மருத்துவமனையில் நான் கண்ட ஒரு பழக்கம். சிகிச்சை முடிந்து வெளியேறும் முன்பே அடுத்த பரிசோதனைக்கான தேதியைக் குறித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தேதி நெருங்கும்போது நினைவூட்டுகிறார்கள். இரண்டுமே வேறு தொழிலிலிருந்து எடுத்தவைதாம். ஒன்று ஏன் என்னைச் சிரமத்தில் தள்ளியது, மற்றொன்று ஏன் பொருந்தியது என்பதை ஆராய்ந்து, நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கைக் கீழே தருகிறேன். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் என்னைப்போல் ஓர் ஆண்டை இழக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கடந்த 12 மாதங்களின் ரசீதுகள். தொழில் தொடங்கி ஓராண்டு ஆகவில்லை என்றால் இருப்பவை போதும். இரண்டாவது, வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் முதன்முறை வந்த நாளும் கடைசியாக வந்த நாளும் குறித்த பட்டியல். மூன்றாவது, ஒரு வேலைக்கோ ஒரு பொருளுக்கோ உங்களுக்கு ஆகும் உண்மையான செலவின் கணக்கு. இதில் உங்கள் சொந்த உழைப்பு நேரத்துக்கும் கூலி போட்டிருக்க வேண்டும். நான்காவது, இதற்கென்றே ஒரு தனிக் குறிப்பேடு.

இவற்றுள் மூன்றாவது ஆவணம்தான் பெரும்பாலானவர்களிடம் இருப்பதில்லை. அது இல்லாமல் ஏழாம் படியைக் கடக்க முடியாது என்பதால், முதல் வாரத்தை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் 1 முதல் 7 வரையிலான படிகளை ஐந்து அல்லது ஆறு வாரங்களில் முடிக்கலாம். எட்டாம் படியான சோதனைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்கள் வாடிக்கையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்பதைப் பொறுத்தது. பணச் செலவு ஆறாம் படிவரை மிகக் குறைவு: வாடிக்கையாளராகச் சென்று பார்க்கும் இடங்களில் கொடுக்கும் கட்டணமும், தேவைப்பட்டால் ஒரு முறை சட்ட ஆலோசகரைப் பார்க்கும் கட்டணமும் மட்டுமே.

1. சிக்கலை உங்கள் தொழிலின் சொற்கள் இல்லாமல் எழுதுங்கள்

"விற்பனை குறைவாக இருக்கிறது" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு எங்கும் தேட முடியாது. எந்த இடத்தில் ஆட்கள் நழுவுகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உங்களைப் பற்றி அறியாமலே இருக்கிறார்களா, அறிந்தும் வராமல் இருக்கிறார்களா, வந்து விசாரித்துவிட்டு வாங்காமல் போகிறார்களா, ஒருமுறை வாங்கியவர்கள் திரும்புவதில்லையா, திருப்தியாகப் போனவர்கள் பிறரிடம் சொல்வதில்லையா? இந்த ஐந்தில் எது உங்கள் நிலை என்பதை ரசீதுகளும் வாடிக்கையாளர் பட்டியலும் ஓரளவுக்குச் சொல்லிவிடும். விசாரித்துவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை மட்டும் ரசீதில் இருக்காது. ஆகவே இரண்டு வாரங்களுக்கு, வருகிற ஒவ்வொருவருக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டு வாருங்கள்.

அதன்பின் சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நான் முதலில் எழுதியது "சைக்கிள் சர்வீசுக்கு ஆட்கள் திரும்ப வருவதில்லை" என்பது. இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு தேடினால் வேறு சைக்கிள் கடைகள்தாம் கண்ணில் படும். இரண்டு வாரம் கழித்து அதை இப்படி மாற்றினேன்: "பொருள் முழுவதும் கெட்டுப்போகும்வரை அதைப் பராமரிக்க வேண்டும் என்ற எண்ணமே உரிமையாளருக்கு எழுவதில்லை." இப்போது சைக்கிள் என்ற சொல் போய்விட்டது. பற்கள், கண்கள், கார் எஞ்சின், வளர்ப்பு நாய்க்கான தடுப்பூசி என்று அந்த வாக்கியம் பொருந்தும் இடங்கள் தாமாகவே நினைவுக்கு வந்தன.

எழுதிய வாக்கியத்தை வேறு தொழில் செய்யும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "எங்களிடமும் இதே கதைதான்" என்று அவர் சொன்னால் வாக்கியம் சரியாக அமைந்திருக்கிறது. உங்கள் தொழிலைப் பற்றி அவர் விளக்கம் கேட்டால், அதில் இன்னும் தொழிற்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறுபடி எழுதுங்கள்.

2. அந்தச் சிக்கலைத் தீர்க்காமல் பிழைக்கவே முடியாத தொழில்களைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைச் செலவிட வேண்டும். எந்தத் தொழிலைப் பார்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: உங்களுக்கு ஒரு தொல்லையாக மட்டும் இருக்கும் சிக்கல், அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அதற்கான வழியைப் பல ஆண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்துச் செம்மைப்படுத்தியிருப்பார்கள்.

ஸெராக்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் தன் கிடங்கு வேலையைச் சீர்செய்ய முற்பட்டபோது பார்க்கச் சென்றது வேறொரு நகலெடுப்புக் கருவி நிறுவனத்தை அன்று. அஞ்சல் வழியாக உடைகளும் வெளிப்புறப் பயணப் பொருள்களும் விற்றுவந்த எல்.எல். பீன் நிறுவனத்தின் கிடங்கைப் பார்த்தது. அளவிலும் வடிவத்திலும் எடையிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பொருள்களைக் கையால் எடுத்து அனுப்ப வேண்டிய நிலை இருவருக்கும் பொதுவாக இருந்தது. அது கிடங்கு வேலை. நாம் பேசுவது விளம்பரம். ஆயினும் தேடும் முறை ஒன்றுதான்.

சில இணைப்புகளைச் சொல்கிறேன். உங்கள் வாக்கியத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் இரு வருகைகளுக்கு இடையே உங்களை மறந்துபோகிறார் என்றால், பல் மருத்துவமனை, கண்ணாடிக் கடை, கால்நடை மருத்துவமனை ஆகியவற்றையும், எண்ணெய் மாற்றியபின் அடுத்த தேதியை ஒட்டுத்தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டிவிடும் கார் பணிமனையையும் பாருங்கள். வாங்கும் முன்பு தரத்தை அறிய வழியில்லை என்ற தயக்கம்தான் தடை என்றால், மாதிரிக் குப்பி கொடுக்கும் அழகுப்பொருள் விற்பனையையும், குறிப்பிட்ட நாள்கள் இலவசமாகப் பயன்படுத்தவிடும் மென்பொருள் விற்பனையையும், பரிசோதனை அறிக்கையோடு விற்கும் பழைய கார் விற்பனையையும் பாருங்கள். இன்று விற்காத நேரம் நாளை திரும்பி வராது என்பது உங்கள் கவலையானால், விமானம், தங்கும் விடுதி, திரையரங்கு ஆகிய மூன்றும் உங்கள் பாடசாலைகள். காலி இருக்கையை நிரப்புவதற்காகவே நேரத்துக்கொரு விலை வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாங்குபவர்தான் உங்கள் வாடிக்கையாளர் என்றால், வீடு விற்பனைத் தரகர்களும் திருமணப் புகைப்படக் கலைஞர்களும் எப்படிப் பரிந்துரையிலேயே வாழ்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்நியரைத் தன் வீட்டுக்குள் விட அஞ்சுகிறார் என்றால், பூட்டுப் பழுதுபார்ப்பவரும் வீட்டுப் பொருள்களை இடம் மாற்றித் தருபவரும் அந்த அச்சத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

குறைந்தது மூன்று தொழில்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றுள் ஒன்று, விளம்பரம் செய்வதற்குக் கட்டுப்பாடு உள்ள தொழிலாக இருக்கட்டும் என்பது என் திடமான பரிந்துரை. பல நாடுகளில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விரும்பியபடி விளம்பரம் செய்ய முடியாது. ஆகவே நினைவூட்டல், பரிந்துரைக் கடிதம், சிகிச்சைக்குப் பிந்தைய விசாரிப்பு என்று, காசு கொடுத்து இடம் வாங்கத் தேவையில்லாத வழிகளை அவர்கள் நன்றாக வளர்த்துவைத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு அதிகம் செலவிட முடியாத சிறுதொழிலுக்கு இவையே மிகவும் உகந்தவை.

இந்தப் படியில் பலரும் விழும் குழி, புகழ்பெற்ற பெருநிறுவனங்களை மட்டும் பார்ப்பது. அவர்களுடைய வழி அவர்களுடைய பணத்தால் வேலை செய்கிறதா, அந்த யோசனையால் வேலை செய்கிறதா என்பதை வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் தொழிலில் ஒரு வழக்கம் பல ஆண்டுகளாக நீடிக்கிறது என்றால், அது செலவைத் தாங்குகிறது என்பதற்கு அதுவே ஓரளவு சான்று.

3. வாடிக்கையாளராகச் சென்று பார்த்து, பின் வெளிப்படையாகக் கேளுங்கள்

ஒவ்வொரு தொழிலிலும் ஓர் இடத்துக்கு உண்மையான தேவையோடு செல்லுங்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் சென்று அங்கே வேலை செய்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்வது தவறு. அப்படி நடித்துச் செல்பவருக்கு முழு அனுபவமும் கிடைப்பதில்லை. போகும் முன் குறிப்பேட்டில் மூன்று தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: வருவதற்கு முன், அங்கிருக்கும்போது, வந்தபின். ஒவ்வொன்றிலும் யார் பேசினார்கள், என்ன சொற்களைச் சொன்னார்கள், என்ன காகிதம் அல்லது செய்தி கொடுத்தார்கள், உங்களிடமிருந்து என்ன விவரம் கேட்டு வாங்கினார்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பவற்றை அன்றைக்கே எழுதுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் சொற்கள் மறந்துவிடும். சொற்களில்தான் பாதி விஷயம் இருக்கிறது. என் பல் மருத்துவமனையில் "அடுத்து எப்போது வருகிறீர்கள்?" என்று என்னை யாரும் கேட்கவில்லை. "ஆறு மாதம் கழித்து உங்களுக்குக் காலை வசதியா, மாலை வசதியா?" என்று கேட்டார்கள். இந்த வேறுபாட்டை எழுதிவைத்திருக்காவிட்டால் நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

"வந்தபின்" என்ற தலைப்பை நிரப்ப மூன்று வாரமாவது காத்திருங்கள். பல தொழில்களின் உண்மையான திறமை நீங்கள் வெளியேறியபிறகுதான் தொடங்குகிறது.

இதற்குப்பின் அதே இடத்திலோ, அதே தொழிலில் வேறோர் இடத்திலோ, உங்கள் தொழில் இன்னது என்று சொல்லி, கூட்டமில்லாத நேரத்தில் 15 நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் அவர்களுக்குப் போட்டியாளர் இல்லை என்பதால் பெரும்பாலோர் தாராளமாகப் பேசுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதற்கு முன்பு எவற்றையெல்லாம் முயன்று கைவிட்டீர்கள்? இதற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆகிறது, யார் செய்கிறார்கள்? இதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கைவிட்டவற்றைப் பற்றிய முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில், நடப்பில் உள்ள வழக்கத்தைப் பற்றிய விளக்கத்தைவிடப் பலமுறை பயனுள்ளதாக இருந்திருக்கிறது. உங்கள் தொழிலில் அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஏதேனும் இருந்தால் நீங்களும் சொல்லிவிட்டு வாருங்கள்.

4. உமியை நீக்கி மணியை எடுங்கள்

நீங்கள் கண்ட வழக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, வேலை செய்வது மற்றொன்று. முன்னதை உமி என்றும் பின்னதை மணி என்றும் சொல்கிறேன். மிஷெலின் டயர் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு வழிகாட்டிக் கையேட்டை வழங்கியது. கண்ணுக்குத் தெரிவது கையேடு. வேலை செய்த மணியோ, மக்கள் அதிகமாகப் பயணம் செய்தால் டயர் அதிகமாகத் தேயும் என்பது. இதைப் பார்த்து "நாமும் ஒரு கையேடு அச்சடிப்போம்" என்று புறப்படுபவர் உமியை எடுத்துக்கொள்கிறார். "நம் பொருளை அதிகமாகப் பயன்படுத்தத் தூண்டுவது எது?" என்று கேட்பவருக்கு மணி கிடைக்கிறது, அவர் கையேடே போடாமல், குழுவாக வண்டி ஓட்டும் ஒரு காலைப் பொழுதை ஏற்பாடு செய்யக்கூடும்.

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு முத்திரை குத்தித் தரும் அட்டையும் அப்படித்தான். நூனெஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கார் கழுவும் நிலையத்தில் நடந்தது. 300 வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒருமுறை இலவசம் என்ற அட்டை. மீதிப் பேருக்கு 10 முத்திரை தேவை, ஆனால் 2 முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருக்கும். இரு தரப்பாருக்கும் மீதம் தேவைப்பட்டது எட்டுதான். முதல் குழுவில் 19 சதவீதத்தினரும் இரண்டாம் குழுவில் 34 சதவீதத்தினரும் அட்டையை நிறைவு செய்தார்கள். அட்டை என்பது உமி. "ஏற்கெனவே சிறிது தூரம் வந்துவிட்டோம்" என்ற உணர்வு மணி. அந்த உணர்வை அட்டை இல்லாமலும் உண்டாக்கலாம். மூன்று கட்டமாகச் செய்ய வேண்டிய வேலையில் முதல் கட்டம் முடிந்துவிட்டது என்று ரசீதிலேயே குறித்துக் கொடுப்பது ஒரு வழி.

நீங்கள் கண்ட ஒவ்வொரு வழக்கத்தையும் இந்த அமைப்பில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: இன்ன நேரத்தில், இன்னாரிடம், இன்னதைச் செய்வதால், இன்ன தயக்கம் நீங்குகிறது. கடைசிப் பகுதியை நிரப்ப முடியாத யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆய்வுகளை மேற்கோள் காட்டும் யோசனைகளிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அதிகத் தெரிவுகள் வாடிக்கையாளரைக் குழப்பும் என்பதற்கு 2000ஆம் ஆண்டின் ஜாம் ஆய்வு அடிக்கடி காட்டப்படுகிறது: 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதத்தினரும், 6 வகை வைத்தபோது 30 சதவீதத்தினரும் வாங்கினார்கள். ஆனால் இதே வகையில் நடந்த 50 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2010இல் வெளிவந்த பகுப்பாய்வில், சராசரி விளைவு ஏறத்தாழச் சுழியாக இருந்தது. வேறிடத்தில் நடந்த ஒரு சோதனை உங்களுக்கு ஒரு கேள்வியைத் தரலாம். விடையை உங்கள் கடையில்தான் தேட வேண்டும்.

5. நிலைமைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்

நான் தவறவிட்டது இந்தப் படியைத்தான். உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா ஏன் அங்கே லாபம் தருகிறது என்று நான் கேட்கவே இல்லை. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் கூடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டணம் செலுத்தியிருந்தால் அவர்களுக்கு மலிவாகவே முடிந்திருக்கும். சேர்ந்தவர்களில் பலர் அதிகம் வருவதில்லை. வருபவராலும் கூடத்துக்குப் பெரிய கூடுதல் செலவு இல்லை, ஏனெனில் கருவி அங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறது. என் பணிமனையிலோ ஒவ்வொரு வருகையும் என் கையுழைப்பைக் கேட்கிறது. அதோடு, அதிகம் பழுதாகும் வண்டி வைத்திருப்பவரே முதலில் சேர்கிறார். இரு நிலைமைகளும் நேர் எதிரானவை. இதைப் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட செயல் என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே, எடுத்துவரும் ஒவ்வொரு யோசனைக்கும் இந்தக் கேள்விகளை எழுத்தில் விடையளித்துப் பாருங்கள். அங்கே வாடிக்கையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இங்கே எத்தனை? கூடுதலாக ஒருவர் வந்தால் அங்கே ஆகும் செலவு என்ன, இங்கே என்ன? இந்தச் சலுகையை முதலில் பற்றிக்கொள்பவர் எப்படிப்பட்டவர், அவர் உங்களுக்கு வேண்டியவரா? பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரேயா? உங்கள் வாடிக்கையாளர் இப்போது எதற்குப் பழகியிருக்கிறார்?

கடைசிக் கேள்வி எளிதாகத் தோன்றும். அதுவே பெரிய நிறுவனங்களையும் சாய்த்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் சில்லறைக் கடைகளை வெற்றிகரமாக நடத்திய ரான் ஜான்சன், 2011 நவம்பரில் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் கடைத் தொடரின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கூப்பன்களையும் அடிக்கடி வரும் தள்ளுபடி விற்பனைகளையும் நீக்கிவிட்டு, ஒரே நிலையான விலை என்ற முறையை 2012இல் எல்லாக் கடைகளிலும் கொண்டுவந்தார். கூப்பனைத் தேடி வந்து பழகியவர்களுக்கு வருவதற்கான காரணமே போய்விட்டது. அந்த ஆண்டில் விற்பனை ஏறத்தாழக் கால்பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. தள்ளுபடி இல்லாமல் விற்பது ஆப்பிளின் வாடிக்கையாளருக்கு இயல்பானது. அங்கே அவருடைய யோசனையில் குறையேதும் இல்லை.

6. சட்டமும் அனுமதியும்

யோசனை யாருக்கும் தனிச்சொத்து அன்று. அதன் வெளிப்பாடு சொத்தாகலாம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கே உரியது, யோசனைக்கு இல்லை என்று சொல்கிறது. ஆகவே நினைவூட்டல் அனுப்பும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்; அவர்களுடைய வாசகம், படம், அட்டை வடிவமைப்பு ஆகியவற்றை நகலெடுக்கக் கூடாது. கடையின் உள்ளமைப்புகூட வணிகக் குறியாகப் பதிவு செய்யப்படலாம். ஆப்பிள் கடை அமைப்பைப் பற்றிய வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. சில நாடுகளில் வணிக முறைகளுக்குக் காப்புரிமையும் உண்டு. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை 2017இல்தான் காலாவதியானது. சிறுதொழிலில் இது அரிதாகவே குறுக்கிடும் என்றாலும், இணையவழி அல்லது செயலிவழி முறை ஒன்றை எடுக்கும்போது ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்றாடம் குறுக்கிடுபவை வேறு நான்கு. செய்தி அனுப்ப வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியைப் போன்ற சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. எனவே ஒப்புதல் பெற்ற தேதியும் விதமும் எழுத்தில் இருக்கட்டும். குலுக்கல் பரிசு, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று வைத்தால், பல இடங்களில் லாட்டரிச் சட்டத்துக்குள் வந்துவிடும். பரிசோ தள்ளுபடியோ கொடுத்துப் பெற்ற பாராட்டை, அப்படிப் பெற்றது என்று சொல்லாமல் வெளியிடுவது பல நாடுகளில் சட்டத்துக்கு மாறானது. முன்பணம் வாங்கும் திட்டங்களுக்குத் திருப்பித் தருவது பற்றிய விதிகள் உண்டு. உங்கள் நாட்டின் விதிகளைத் தெரிந்துகொள்ள, நான்கு கேள்விகளையும் முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் செல்லுங்கள். ஒரே சந்திப்பில் முடியும்.

7. கணக்குப் போடுங்கள்

ஒரு வேலைக்கு நீங்கள் வாங்கும் கட்டணம் 100 என்றும், பொருளும் கூலியும் சேர்ந்து 70 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 30. 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் மிஞ்சுவது 20. வாடிக்கையாளருக்குப் பத்தில் ஒரு பங்காகத் தெரிவது உங்கள் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய லாபத்தை எட்டவே நீங்கள் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். லாபப் பங்கு அதிகமாக உள்ள தொழிலிலிருந்து தள்ளுபடி யோசனையை எடுத்துவந்து, லாபப் பங்கு குறைவான தொழிலில் வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும்.

எனவே கொடுப்பது என்றால், உங்களுக்குக் குறைவாகச் செலவாகி வாடிக்கையாளருக்கு அதிகமாகப் பயன்படுவதைக் கொடுங்கள். இணையவழிப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் தொடக்க காலத்தில் நண்பரைச் சேர்த்தவருக்கு ரொக்கம் கொடுத்தது. கோப்புகளை இணையத்தில் சேமிக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் அதே பரிந்துரை முறையை எடுத்துக்கொண்டு, ரொக்கத்துக்குப் பதிலாகக் கூடுதல் சேமிப்பிடத்தைக் கொடுத்தது. சேர்த்துவிட்டவர், சேர்ந்தவர் இருவருக்கும் அது கிடைத்தது. என் பணிமனையில் அதற்கு இணையானது, காத்திருக்காமல் வண்டியை விட்டுச் செல்லும் காலை நேர முன்னுரிமை. எனக்கு அதனால் ஏறத்தாழச் செலவே இல்லை.

கணக்கில் சேர்க்க மறந்துபோகும் செலவுகள் இரண்டு: நினைவூட்டல் அனுப்புவது, பதிவேடு பராமரிப்பது போன்றவற்றுக்கு ஆகும் நேரம், எப்படியும் வந்திருக்கக்கூடிய வாடிக்கையாளருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும் சலுகை. மொத்தச் சோதனைச் செலவுக்கு ஒரு மேல்வரம்பை முன்பே குறித்துவிடுங்கள். ஒரு மாத லாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு.

8. சிறிதாகச் சோதித்து, முடிவுத் தேதியோடு நிறுத்துங்கள்

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால், விற்பனை கூடியது யோசனையாலா, பருவத்தாலா என்பது தெரியாது. ரசீது எண் ஒற்றைப்படையாக வருபவருக்குப் புதிய முறை, இரட்டைப்படையாக வருபவருக்குப் பழைய முறை என்று பிரித்துக்கொள்வது மிக எளிய வழி. முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நல்ல வாடிக்கையாளர்களெல்லாம் உங்களை அறியாமலே ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். விலையில் இப்படி வேறுபாடு காட்டுவது மனத்தாங்கலை உண்டாக்கும் என்பதால், விலை சார்ந்த சோதனையை மட்டும் வாரம் மாற்றி வாரம் என்று நடத்துங்கள்.

சோதனைக் காலம், வாடிக்கையாளரின் வழக்கமான இடைவெளியைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். மாதம் ஒருமுறை வருபவர்கள் என்றால் இரண்டு மாதம் போதும். ஆறு மாத இடைவெளி என்றால் ஓராண்டு ஆகும். அவ்வளவு பொறுக்க முடியாது என்றால், இடையில் தெரியக்கூடிய அடையாளம் ஒன்றை அளவிடுங்கள். அடுத்த தேதியை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர், நினைவூட்டலுக்குப் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பவை அத்தகையவை.

எண்ணிக்கையைப் படிப்பதில் அவசரம் வேண்டாம். பழைய முறையில் 100 பேரில் 20 பேரும் புதிய முறையில் 100 பேரில் 25 பேரும் திரும்பி வந்தார்கள் என்றால், அந்த வேறுபாடு வெறும் தற்செயலாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதை உறுதியாகச் சொல்ல ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1,100 பேர் தேவைப்படுவார்கள். 20க்கு 40 என்றால் நம்பலாம். சிறுதொழிலில் பெரிய வேறுபாடுகளை மட்டுமே அறிய முடியும். ஆகவே பெரிய வேறுபாட்டைத் தரக்கூடும் என்று நீங்கள் நம்பும் யோசனைகளையே சோதனைக்கு எடுங்கள். அட்டையின் நிறம் போன்றவற்றுக்கு நேரம் செலவிட வேண்டாம்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்திலும் செய்தியிலும் இந்த ஏற்பாடு எந்தத் தேதிவரை என்பதை அச்சிடுங்கள். முன்பணம் வாங்கும் திட்டமானால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கிய தொகையை, வேலை செய்து முடிக்கும்வரை தொடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். நான் இவ்விரண்டையும் செய்யாததால்தான் சந்தாவைப் பாதியில் நிறுத்த முடியாமல் ஆண்டு இறுதிவரை சுமந்தேன். சோதனை தோற்றால், கொடுத்த வாக்குறுதியை அந்தத் தேதிவரை குறையில்லாமல் நிறைவேற்றுங்கள். இடையில் விலக விரும்புபவருக்கு மீதிப் பணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள்.

முடிவு எதுவாயினும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதி முடியுங்கள்: எந்தத் தொழிலிலிருந்து எடுத்தது, நான்காம் படியில் எழுதிய வாக்கியம், ஐந்தாம் படியின் விடைகள், செலவு, இரு பக்க எண்ணிக்கை, தொடங்கிய நாள், முடிந்த நாள். அடுத்த யோசனையை எடுக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, முதல் படியின் வாக்கியம் இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு சொல்லையாவது மாற்ற வேண்டியிருக்கும்.